குமரேசன் என்று புதைக்கப்பட்ட குப்பன்

குப்பனை அவர் பெற்ற பிள்ளைகள் வேறொரு ஆளின் பெயரில் புதைத்துவிட்டார்கள். நடந்த தவறு இதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரங்கல் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தடவும் வெண்ணெய் இதில் இருக்காது.

நம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் ஓசூரிலிருந்து வேப்பனப்பள்ளி வரை சுவர்களில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். நீலக் கோட்டு, சிவப்பு டை, மை போல் கறுத்த முடி. கீழே ‘கே. எம். குமரேசன்’ என்று பெயர். அந்த ஆள் வேறு யாருமல்ல. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்து நம் எல்லோருடைய பெயரையும் எழுதினாரே, அந்த மா. குப்பன்தான்.

நானும் பார்த்தேன். குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது ஒரு மெக்கானிக் கடைச் சுவரில் அது ஒட்டியிருந்தது. எவனோ காண்ட்ராக்டர் போய்விட்டான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குப்பன் தன் ஆயுளில் கோட்டு போட்டதில்லை. அந்தக் கோட்டை ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருக்கிறான். பெயரை மாட்டியது பிள்ளைகள்.

நான்கு நாள் கழித்து பக்கிரி பாயின் மாங்காய் மண்டிக்குப் போனபோதுதான் செய்தி தெரிந்தது. நம் கேன்டீனுக்குப் பழம் போட்டுக்கொண்டிருந்த அதே பாய்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“என்னாண்ணா, மண்ணுக்கு நீங்க வரலியே?”

“எந்த மண்ணுக்கு?”

“குப்பண்ணன் மண்ணுக்குத்தான். வெள்ளிக்கெழம போயிட்டாரே.”

“யாரும் சொல்லலியே பாய். போஸ்டர்கூட ஒட்டல.”

“ஒட்டிருந்தாங்கண்ணா. நீங்களும் பாத்திருப்பீங்க. பேருதான் வேற.” கூடையைத் தள்ளி எனக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டுச் சொன்னார். “பக்கத்துத் தோட்டத்துக்காரன் போன் பண்ணதால நான் போனேன். நம்ம பேக்டரி ஆளுன்னு பாத்தா நான் ஒருத்தன்தான். நானே பேக்டரி ஆளு கெடையாது.”

அவரைப் புதைக்கும்போது ஒரு பிடி மண் போட நம்மில் ஒருவரும் இல்லை. நம் பெயர்களில் ஒன்றைக்கூடத் தவறாக எழுதாத மனிதருக்கு அவர் பிள்ளைகள் செய்த மரியாதை இது.

நான் வேலையில் சேர்ந்த நாளைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கடைசல் வேலை கற்றுக்கொண்டு, பத்துப் பேருக்கு நான்தான் புத்திசாலி என்ற நினைப்போடு வந்திருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒல்லியான ஒருவர்.

“பேரு?”

“பேட்டராயன்.”

“யாரு வெச்சது?”

“எங்க தாத்தன்.”

“எதுக்கு வெச்சாரு?”

இதென்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு மூன்று பேட்டராயன் இருப்பான். சாமி பெயர், வைத்தார்கள், அவ்வளவுதான். “மொதல்ல உங்க பேரச் சொல்லுங்க” என்றேன்.

“குப்பன்.”

நான் சிரித்தேன். வாய்விட்டு, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லு. அப்புறம் கார்டு எழுதறேன்” என்றார். ஷிப்ட் சங்கு ஊதும்வரை என்னை ஓரமாக நிற்க வைத்தார். முதல் நாளே தாமதம் என்று ஃபோர்மேனிடம் திட்டு வாங்கினேன். அது எனக்கு வேண்டியதுதான்.

அந்தப் பெயரின் கதையை ஒரு வாரம் கழித்து அவரே சொன்னார். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் பால்குடி மறக்கும் முன்பே இறந்துபோயின. நான்காவதாக இவர் பிறந்ததும், தாயார் பிள்ளையைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த எருக்குப்பையில் கிடத்தினார். இது வேண்டாத பொருள், இதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறாய் என்று எமனிடம் சொல்வதற்கு அந்தப் பெண்ணுக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா ஒரு முறம் தவிட்டோடு வந்து, குப்பையில் கிடந்ததை விலைக்கு வாங்கினார். பிறகு, “இது எம்பிள்ள. எனக்காக நீ வளத்துக் குடு” என்று பெற்றவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பெற்றவளுக்குச் சொந்தமில்லாத பிள்ளையை எமன் அவளிடமிருந்து எப்படிப் பறிப்பான்? கணக்கு அப்படி. பிள்ளை பிழைத்தது. பொங்கலன்று குப்பன் முதலில் போய் நிற்பது தவிடு கொடுத்த அந்த அம்மாவின் வாசலில்தான். அந்த அம்மா சாகும்வரை அது நின்றதில்லை.

“பேருக்கு அர்த்தம் கேக்காதய்யா” என்று அன்று சொன்னார். “யாரு வெச்சாங்க, எதுக்குப் பயந்து வெச்சாங்க, அதக் கேளு.”

கேன்டீனில் மூலை மேசையில் நான்கு பேர் சேர்ந்து உட்காருவார்கள், நினைவிருக்கிறதா? கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த கன்னடக்காரர் திப்பண்ணா, பெயின்ட் ஷாப்பில் இருந்த தெலுங்குக்காரர் பெண்டையா, பழம் இறக்க வரும் பக்கிரி பாய், குப்பன். என்ன கூட்டணி இது என்று நாம் கிண்டல் செய்வோம். அவர்களைச் சேர்த்து உட்கார வைத்தவர் குப்பன். கன்னடத்தில் திப்பெ என்றாலும் தெலுங்கில் பெண்ட என்றாலும் எருக்குப்பைதான். அவர் இதைச் சொன்ன அன்று திப்பண்ணா கையிலிருந்த களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, “நன் ஹெஸரூ அதே அல்வா” என்றார். என் பெயரும் அதுதானே என்று ஐம்பது வயதில் முதல்முறையாகக் கண்டுபிடித்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். அவருடைய அண்ணன்மார் இரண்டு பேர் குழந்தையிலேயே இறந்தவர்கள். பாய் கதையும் அதுவேதான். தங்காத பிள்ளைகளுக்குப் பின் பிறந்தவரை தர்காவுக்கு நேர்ந்து, பிச்சையெடுத்த துணியை உடுத்தி, பக்கிரி என்று அவர் தாயார் கூப்பிட்டிருக்கிறார்.

“நீயும் நானும் ஒரே குப்பையில கெடந்தவங்க பாய்” என்றார் குப்பன். “பாஷதான் வேற. பயம் ஒண்ணு.”

மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இந்த ஊரில், எல்லையைப் பற்றி மேடை போட்டுப் பேசியவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் இந்த அளவுக்கு உருப்படியாகப் பேசியதில்லை.

பிறகு அந்த மேனேஜர் வந்தார். வடக்கேயிருந்து வந்தவர். கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் சர்நேம் வேண்டும், காலியாக விட்டால் மெஷின் ஏற்காது என்றார். நமக்கு ஏது சர்நேம்? தமிழர்கள் இனிஷியலைப் பிரித்து அப்பா பெயரை எழுதினார்கள். தெலுங்குக்காரர்கள் வீட்டுப் பெயரை எழுதினார்கள். கன்னடக்காரர்கள் பாதிப் பேர் ஊர்ப் பெயரை எழுதினார்கள். கூப்பிடுகிற பெயர் இதுதான் என்று மெஷின் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டது. அந்த மாதம் நோட்டீஸ் போர்டில் மாரப்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. மாரப்பன் குப்பனுடைய அப்பா. அவர் இறந்து இருபது வருஷம். மேனேஜர் கேக்கும் கத்தியுமாக நிற்கிறார்.

“செத்துப்போன எங்கப்பனுக்குக் கேக்கு வெட்றான்யா இவன்” என்றார் குப்பன். “திவசத்துக்கும் லீவு குடுப்பானா கேளு.”

நாம் சிரித்துவிட்டுக் கேக்கைத் தின்றோம். அவர் தின்னவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாகப் போனார். உன் பெயர் எது, அப்பா பெயர் எது, வீட்டுப் பெயர் எது, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தனிப் பட்டியல் எழுதி மேனேஜர் மேசையில் வைத்தார். இது உன் வேலை இல்லை என்றார் மேனேஜர். “ஆள் பேரத் தெரிஞ்சு வெச்சிக்கிறதுதாங்க டைம் ஆபீஸ் வேல” என்றார் குப்பன். மேனேஜர் பட்டியலைத் தள்ளி வைத்தார். ஆனால் அடுத்த மாதம் வாழ்த்து சரியான ஆளுக்கு வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை அந்த ஆளிடமிருந்து வரவில்லை. அவருடைய பெயர் இப்போது எனக்கு நினைவில்லை. நினைவில் வைக்க முயன்றதும் இல்லை.

இனி மூத்த மகன். குப்பன் அவருக்குத் தன் தகப்பனார் பெயரான மாரப்பன் என்பதையே வைத்தார். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான். பாட்டன் பெயரைச் சுமக்கிறவன் என்று பொருள். அந்த மாரப்பன் பிளாட் போட்டு விற்கத் தொடங்கி, பெங்களூரில் எண்கணித ஜோசியர் ஒருவரைப் பிடித்து, ஐம்பது வயதை நெருங்கும்போது மிதுன் ஆனார். தலை நரைத்த மிதுன். குப்பனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “அவன் பேரு, அவன் மாத்திக்கிறான். எங்கப்பன் கனம் அவனுக்குத் தாங்கல” என்று மட்டும் சொன்னார். இளைய மகனுக்குப் பிறந்த பேரனுக்கு ஏதோ வாயில் நுழையாத பெயரை வைத்துவிட்டு, பொருள் என்ன என்று மிதுன் போனில் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பன் என்னிடம், “பேர வெச்சிட்டு அர்த்தம் தேடிகினு இருக்கறான் பாரு” என்றார்.

அவருடைய பெயரையும் மாற்றச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர் சொன்ன பதிலை என் முன்னால்தான் சொன்னார். “எங்கம்மா மூணு புள்ளைய மண்ணுல வெச்சிட்டு வெச்ச பேருடா இது. மாத்தணும்னா அவளப் போயிக் கேளு.” உயிரோடு இருந்தவரை அவர் விடவில்லை. மூச்சு நின்றதும் பிள்ளைகளுக்கு வசதியாகப் போயிற்று.

பதினோராம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் அதே கோட்டுப் படம், மாலையோடு. மிதுன் வந்து, “வாங்க சித்தப்பா” என்றார்.

“இது யாருப்பா படத்துல?” என்றேன்.

“சித்தப்பா, வந்ததும் ஆரம்பிக்காதீங்க.”

“குமரேசன்னு போட்டிருக்குது. கே. எம். எம்-முன்னா மாரப்பன். கே-ன்னா யாரு?”

பக்கத்திலிருந்த இளையவர் வாயைத் திறந்தார். “எண்ணு கூட்டினா சரியா வரலன்னு ஜோசியர் ஒரு எழுத்து சேத்தாருங்க.” இளையவருக்கு அண்ணன் சொன்னால் தலையாட்டத் தெரியும். அதைத் தாண்டி அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

“இறப்புச் சான்றிதழ் யாரு பேர்ல வாங்குனீங்க?”

சான்றிதழ் குப்பன் பெயரில்தான் இருக்கிறது. ஆதார் அப்படி. மாந்தோப்பு நிலம் அப்படி. பட்டா மாற்றுவதற்குக் குப்பன் வேண்டும். போஸ்டருக்கு மட்டும் குப்பன் ஆகாது. மாந்தோப்பு மணக்கிறது, அதை நட்டவன் பெயர் நாறுகிறது.

மிதுன் அப்போது கோபமாகச் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “உங்களுக்கென்ன சித்தப்பா, சாமி பேரு. நான் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் குப்பத்தொட்டி மகன். வாத்தியாரே அட்டென்டன்ஸ்ல சிரிப்பாரு. பேரக் கேட்டதும் எந்தத் தெருன்னு பாப்பாங்க. நாளைக்கு எம்பொண்ணு பத்திரிகையில தாத்தா பேரப் போட்டு, சம்பந்தி வீட்டுல ஒருத்தன் சிரிச்சா, நீங்க வந்து நிப்பீங்களா?”

அது பொய்யில்லை. பெயரை வைத்து ஆளை எடை போடுகிற கண்கள் இந்த ஊரில் உண்டு. அந்த வாத்தியாரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்குத் தகுதியும் இல்லை. ஜன்னலில் நின்று அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவன் நான். அதை மிதுனிடமே சொன்னேன்.

“மொத நாளே உங்கப்பன் பேரக் கேட்டு நான் சிரிச்சேன்டா. அவரு பேர மாத்திக்கல. என்ன நிக்க வெச்சாரு.”

காபி வேண்டுமா என்று உள்ளேயிருந்து மருமகள் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தவர்களிடம் தோற்றுப்போய், பெற்றவரிடம் வீரம் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் கொஞ்சம் உண்டு. மரியாதை இல்லை.

அங்கிருந்து பாயின் ஸ்கூட்டரில் கிருஷ்ணகிரி சாலையிலுள்ள கிரானைட் பட்டறைக்குப் போனோம். சமாதிக்கு வைக்கப் போகும் கல்லை அங்கேதான் சொல்லியிருக்கிறார்கள் என்று பாய் விசாரித்து வைத்திருந்தார். நல்ல கருங்கல், முகம் தெரியும் அளவுக்கு மெருகு. அதன்மேல் மஞ்சள் பெயின்ட்டில் ‘கே. எம். குமரேசன்’ என்று வரைந்திருந்தது. உளி இன்னும் படவில்லை.

“வெட்டிட்டா முடிஞ்சுதுங்க” என்றார் கல் வெட்டுகிறவர். “பெயின்ட்டு வரைக்கும் தொடச்சிக்கலாம். முப்பதாம் நாளு கல்லு நடணும். அதுக்கு மூணு நாள் முன்ன வெட்ட ஆரம்பிப்பேன். பார்ட்டி ஒரு வார்த்த சொன்னாப் போதும், மாத்திடலாம்.”

பாய் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். பெயின்ட் காய்ந்திருந்தது. “இவரு குப்பையில கெடந்தப்பகூட பேர யாரும் தொடைக்கலண்ணா” என்றார்.

குப்பன் இறந்து போனதற்கு எனக்குத் துக்கம் இருக்கிறது. வயதானவர், படுக்கையில் விழாமல் போனார், அதை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்க முடியாதது இதுதான். அவரைக் காப்பாற்றிக் கொடுத்த பெயரை, அவர் சம்பாத்தியத்தில் தின்று வளர்ந்தவர்கள் பறித்துக்கொண்டார்கள். எமனே எடுக்காததை எடுத்திருக்கிறார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. யார் வைத்தார்கள், எதற்குப் பயந்து வைத்தார்கள்? யாராவது தன் பெயரைச் சொன்னால், சிரிப்புக்கு முன் அந்தக் கேள்வி வந்து என் வாயை அடைக்கிறது. அது ஒன்றே அவர் எனக்கு விட்டுப்போன சொத்து. அதற்குப் பட்டா தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியவை.

மாரப்பன் என்கிற மிதுன் பட்டறைக்குப் போன் செய்து, ‘மா. குப்பன்’ என்று வெட்டச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு ஜோசியரைக் கேட்க வேண்டியதில்லை.

இளைய மகன் வாழ்நாளில் ஒருமுறை அண்ணனுக்குத் தலையாட்டாமல் இருக்க வேண்டும்.

கல் வெட்டுகிறவர், மிதுன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்வரை உளியை எடுக்கக் கூடாது. எடுக்க மாட்டேன் என்று பிறகு பாயிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

மருமகள்கள், கோட்டுப் படத்தைக் கழற்றிவிட்டு, டைம் ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்த படத்தை மாட்ட வேண்டும். அதில் அவர் நரைத்த தலையோடு நம்மைப் பார்க்கிறார்.

பேத்தியின் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயரைப் பார்த்து யாராவது சிரித்தால், மிதுன் கேட்டபடி நான் அங்கே போய் நிற்பேன். சிரித்தவரை ஓரமாக நிற்க வைப்பேன்.

திப்பண்ணா, பெண்டையா, எங்கே இருந்தாலும், யாராவது இதை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தமிழ் தெரியாது என்ற சாக்கு வேண்டாம். அவர்கள் பாஷையிலேயே சொல்லுங்கள்.

நீங்கள், அவர் கையால் கார்டு எழுதி வாங்கியவர்கள், முப்பதாம் நாள் காலை அவரைப் புதைத்திருக்கிற அவருடைய மாந்தோப்புக்கு வர வேண்டும். வேப்பனப்பள்ளி பஸ்ஸில் ஏறுங்கள், தோப்பருகே இறக்கிவிடக் கண்டக்டர்களிடம் பாய் சொல்லி வைப்பார். புதைத்த அன்று போடாமல் விட்ட ஒரு பிடி மண்ணை அந்தக் காலையில் போட வேண்டும்.

கல்லில் எந்தப் பெயர் இருந்தாலும், அதன் முன்னால் நின்று ‘குப்பன்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை கூப்பிட வேண்டியவன் நான். கூப்பிடுவேன். இந்த முறை சிரிக்காமல்.